துரும்பு கிள்ளிய கை

8 ஆகஸ்ட் 2024

இன்றைக்கு மனசு வண்டி நாள். மாதத்தில் இரண்டாவது வியாழக்கிழமை ஜமுனாமரத்தூர் சந்தைப் பக்கம் வெள்ளை வேன் ஒன்று வந்து நிற்கும். மனசு நோய் பார்க்கிற டாக்டர், ஊசி, மாத்திரை எல்லாம் அதற்குள்ளேயே. வண்டியின் மேல் இன்னா பேர் எழுதியிருக்கோ எனக்குத் தெரியாது. மலையில் எல்லாருக்கும் அது மனசு வண்டிதான்.

மருமகன் தமிழ்மணிக்கு ஊசி போட்டாச்சு. மாத்திரையும் வாங்கியாச்சு. டாக்டர் ஒவைஸ் வாணியம்பாடிக்காரர், தங்கமான மனுஷன். "பெரியவரே, போன தடவைக்கு இந்தத் தடவை மாப்பிள்ளை முகம் தெளிஞ்சிருக்கு" என்றார். எனக்கே ஊசி போட்டு நோய் தீர்ந்த மாதிரி இருந்தது.

வண்டியில் வேலை பார்க்கும் அருணா என் போனை வாங்கி மைக் படம் ஒன்றைக் காட்டினாள். "இத அமுக்கிட்டுப் பேசு தாத்தா, அதுவே எழுதிக்கும். தேதியும் அதுவே போட்டுக்கும். தூங்குனாரா, துன்னாரா, தனியா பேசிக்கினாரான்னு தோணும்போது சொல்லி வை. அடுத்த தபா நான் படிச்சிக்கிறேன்."

எனக்கு ஓரெழுத்தும் தெரியாது. நான் சொல்வதைத்தான் எழுதுகிறதா, அது இஷ்டத்துக்கு எழுதுகிறதா, யார் கண்டது. சரி. தூங்கினான். களி தின்றான். தனியாகப் பேசவில்லை.

11 ஆகஸ்ட்

சாமைக் கொல்லையில் களை எடுத்தோம். நான் ஒரு பாத்தி எடுப்பதற்குள் அவன் இரண்டு எடுத்துவிட்டான். "இன்னா மாமா, களை உன்னப் புடிச்சிக்கிச்சா?" என்று சிரித்தான். சிரித்தான்! வீட்டுக்காரி ராணியிடம் வந்து சொன்னேன். "சிரிச்சதுக்கு ஒரு பொங்கல் வெச்சிரு" என்றாள். அவளுக்கு வாய் அப்படி.

அருணா படிக்கப் போகிறாள் என்றால் இதையும் சொல்லி வைக்கிறேன். எங்களுக்கு ஆம்பளைப் பிள்ளை இல்லை. செந்தாமரை ஒரே பெண். அவளுக்கு வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவன் தமிழ்மணி. அவன் சனங்களும் மலைச்சனம்தான், கரும்பு வெட்டப் போய்ப் படவேட்டுப் பக்கம் தங்கிவிட்டவர்கள். கொரோனா அடங்கின வருஷம் இவனுக்குக் காதுக்குள் இரண்டு ஆள் பேச ஆரம்பித்தார்கள். சோற்றில் விஷம் என்பான். கிணற்றில் விஷம் என்பான். குறி கேட்டோம். தர்காவில் மந்திரித்தோம். கீழே டவுன் டாக்டரிடம் கூட்டிப்போகும்போது கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸிலிருந்து குதித்தான். அப்புறம்தான் இந்த வண்டி வர ஆரம்பித்தது.

மாத்திரையை என் கையில் மட்டும்தான் வாங்குவான். சொம்பில் முதல் மடக்கு நான் குடிக்க வேண்டும். அப்புறம் அவன் வாங்கி, மாத்திரையைப் போட்டுக் குடிப்பான். வேறு யார் கொடுத்தாலும் துப்பிவிடுவான்.

20 ஆகஸ்ட்

மழை. தூங்கினான். நானும்.

3 செப்டம்பர்

செந்தாமரை திருப்பூரிலிருந்து வந்திருக்கிறாள். பனியன் கம்பெனி லீவு. வந்தவள் புருஷனிடம் இரண்டு வார்த்தை பேசினாள். அவன் எழுந்து கொல்லைக்குப் போய்விட்டான். சாயங்காலம் அடுப்படியில் உட்கார்ந்து சொன்னாள்.

"நைனா, என்னை அவருகிட்டேருந்து தீத்து உட்ரு."

அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினேன்.

"அவரு மேல கோவம் இல்ல நைனா. வியாதின்னு எனக்கும் தெரியும். ஆனா ராத்திரி பக்கத்துல படுக்கச் சொன்னா ஒடம்பு நடுங்குது. இன்னா பண்ணட்டும்?" கையைக் காட்டினாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் சுருங்கி இருக்கிறது. கெட்ட வருஷத்தில் கொதிக்கிற கஞ்சியை அவன் ஊற்றினது. விஷம் வைக்க வந்தவள் என்று நினைத்து ஊற்றினான்.

அந்தக் கையைப் பார்த்துவிட்டு எந்த அப்பன் மாட்டேன் என்பான்.

5 செப்டம்பர்

ஊர்க்கவுண்டரிடம் நான் இன்னும் போகவில்லை என்று ராணி காலையிலிருந்து சட்டியோடு பேசுகிறாள், என்னோடு இல்லை. "பெத்தது கண்ணுக்குத் தெரியல, கட்டிக்கினு வந்தது கண்ணுக்குத் தெரியுது. இந்த ஆளுக்குச் சின்னக்குழந்தைன்னு பேரு வெச்சாங்களே, பொருத்தமாத்தான் வெச்சாங்க" என்று சட்டியிடம் சொல்கிறாள்.

அவள் சொல்வதும் நியாயம். தீர்த்துவிட்டால் அவன் கதி?

எங்கள் வழக்கம் அப்படி. பெண்ணைத் தீர்க்கும்போது கல்யாணத்தில் வாங்கின பரியப் பணத்தை ஊர் முன்னால் திருப்பி வைத்து, பெண்ணின் அப்பன் ஒரு சாமைத் தாளைக் கிள்ளிப் பாதியை மாப்பிள்ளை கையில் போடுவான். துரும்பு கிள்ளினால் உறவு அறுந்தது. அதற்கப்புறம் அந்த வாசலில் அவன் பச்சைத் தண்ணிகூடக் குடிக்கக்கூடாது.

12 செப்டம்பர்

வண்டி வந்தது. ஊசி போட்டார்கள். அவனை வெளியில் நிறுத்திவிட்டு டாக்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பொண்ணு கேக்கறது நியாயம்தான். ஆனா இவருக்கு மருந்து நிக்கக்கூடாது பெரியவரே. நின்னா முன்னைவிட மோசமாகும். யார் கூட்டிட்டு வந்தாலும் சரி, வரணும்."

அவன் அண்ணன் கோவிந்தன் கூட்டி வருவான், நானும் இங்கே வந்து நிற்பேன் என்றேன். உறவு அறுந்தால் வீடுதானே அறும். வண்டி அறுமா?

திரும்பும் வழியில் தமிழ்மணியிடமே சொல்லிவிட்டேன். மறைக்க மனசு வரவில்லை. ரொம்ப நேரம் கல்லைக் காலால் தள்ளிக்கொண்டே நடந்தான். "சரி மாமா. அது கையி வெந்துபோச்சு இல்ல" என்றான். அவ்வளவுதான். இவ்வளவு அமைதியாக இருக்கிறானே, பயமில்லை என்று நினைத்தேன்.

22 செப்டம்பர்

முடிந்தது.

மாரியம்மன் கோயில் எதிரில் ஊர்க்கவுண்டர் உட்கார்ந்தார். கோவிந்தனும் அவன் பெண்டாட்டி கல்பனாவும் கீழேயிருந்து வந்தார்கள். பரியத்தைத் தட்டில் வைத்தோம். கோவிந்தனைக் கற்பூரம் அடித்துச் சத்தியம் பண்ணச் சொன்னேன், மாதா மாதம் தம்பியை வண்டிக்குக் கூட்டி வருவேன் என்று. "இதுக்குப் போயி சத்தியமா மாமா, என் தம்பி இல்லையா" என்றவன், அடித்தான்.

துரும்பு கிள்ளும் நேரம் ராணியின் தம்பி முன்னால் வந்தான். "தாய்மாமன் நான் கிள்றேன், நீ தள்ளி நில்லு மச்சான், உனக்கு மனசு வராது." அதற்கும் வழக்கத்தில் இடம் இருக்கிறது. நான்தான் விடவில்லை. அவன் கிள்ளினால் வெடுக்கென்று கிள்ளி மூஞ்சியில் வீசுவான். நான் கிள்ளினால் மெதுவாகக் கிள்ளுவேன், பிள்ளை மனசு நோகாது. அப்படித்தான் நினைத்தேன்.

கிள்ளினேன். பாதியை அவன் உள்ளங்கையில் வைத்தேன். அவன் துரும்பைப் பார்க்கவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

போகும்போது ராணியே சொம்பில் தண்ணி எடுத்து வந்துவிட்டாள், பழக்கத்தில். பாதி வழியில் ஞாபகம் வந்து நின்றுவிட்டாள். அவன் அவளைச் சுற்றிக்கொண்டு போனான்.

23 செப்டம்பர்

மாத்திரை நேரத்துக்குக் கை தானாகச் சொம்பைத் தேடுகிறது.

2 அக்டோபர்

கோவிந்தனுக்குப் போன் போட்டேன். "துன்றான் மாமா, தூங்குறான், ஆலைக்குக் கரும்பு ஏத்த வர்றான். மாத்திரையா? டப்பாவைப் பக்கத்துல வெச்சிக் குடுத்துட்டேன், அவனே போட்டுக்குறான்."

அவனே போட்டுக்கொள்கிறானாம்! யார் பார்த்தது?

10 அக்டோபர்

எப்படிச் சொல்வது.

கோவிந்தன் சொன்ன சொல் தவறவில்லை. கரும்பு வேலையை விட்டுவிட்டு அவனைக் கூட்டிக்கொண்டு வந்தான். நான் முந்தியே போய்க் காத்திருந்தேன். வேட்டி துவைத்துக் கட்டியிருந்தேன், திருவிழாவுக்குப் போகிறவன் மாதிரி. அவன் இளைத்திருந்தான். உதடு அசைந்துகொண்டே இருந்தது. காதுக்குள் ஆள் வந்துவிட்டார்கள் என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது. மாத்திரையெல்லாம் மடிக்குள்ளேயே வைத்திருக்கிறான், ஒன்றும் விழுங்கவில்லை.

"மாப்ள" என்றேன். வாய் தவறி அப்படித்தான் வந்தது. சொம்பை எடுத்து நீட்டினேன். முதல் மடக்குக் குடித்துக் காட்டினேன்.

"அந்தக் கை" என்றான். "அந்தக் கை. துரும்பு கிள்ளுன கை."

"மருந்துடா கண்ணு, மருந்துக்கு அதெல்லாம் இல்ல."

"உன் வூட்டுத் தண்ணி நான் குடிக்கக் கூடாது. ஊரே பாத்துச்சு. குடிச்சா நான் செத்துப்போவணும். அதுக்குத்தானே குடுக்கற? இத்தினி வருசம் குடுத்ததும் அதுக்குத்தானே?"

சொம்பைத் தட்டிவிட்டான். டாக்டர் இறங்கி வந்தார். அவரையும் நம்பவில்லை. "நீயும் இவரு ஆளுதானே" என்றான். ஊசியைப் பார்த்ததும் ஓடினான். கோவிந்தன் பின்னாடியே ஓடினான். சந்தையில் இருந்தவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். ஒருத்தன் சிரித்தான். நான் அவனை அடிக்கப் போனேன், அருணா பிடித்து உட்கார வைத்தாள்.

11 அக்டோபர்

மச்சான் கிள்றேன்னு சொன்னானே. சொன்னானே. அவன் கை எந்தக் கையா இருந்தா என்ன, அவன் கையில மாத்திரை வாங்கறவன் யாரும் இல்லையே. என் கையில ஒருத்தன் உசுரு இருந்துச்சு. அந்தக் கையால போயி—

வழக்கம் தெரிந்தவன் நான். மலையில் யார் யாருக்கு எந்த வருஷம் துரும்பு கிள்ளினார்கள், யார் வாசல் யாருக்கு அடைந்தது, எல்லாம் எனக்கு மனப்பாடம். கேட்டால் சொல்வேன். இது மட்டும் தோணவில்லை.

30 அக்டோபர்

கீழே போனேன். கல்பனாதான் போனில் அழுதாள்: "என் வூட்டுக்காரரு கட்டி வெச்சிட்டாருப்பா உங்க மாப்பிள்ளைய."

கரும்பு வண்டியின் சக்கரத்தோடு கட்டியிருந்தார்கள். கோவிந்தன் கண் வீங்கி உட்கார்ந்திருந்தான். தம்பி கல்லால் அடித்ததாம். "நான் இன்னா மாமா பண்ணட்டும், ரோட்டுல லாரி முன்னாடி போயி நிக்கிறான்." அவனைத் திட்டுவதற்குத்தான் போனேன். திட்ட முடியவில்லை.

எனக்கு மீசை முளைக்காத வயதில், மலைக்கு ரோடே வராத காலத்தில், எங்கள் ஊரில் பச்சையம்மா என்று ஒருத்தி. குழந்தை பெற்ற பிறகு இப்படி ஆனாள். மரக்கட்டையில் ஓட்டை போட்டு அவள் காலை மாட்டி வைத்திருந்தார்கள். கட்டையை இழுத்துக்கொண்டே அவள் தண்ணிக்குப் போவாள். சரக் சரக் என்று கேட்கும். ஒரு நாள் கேட்கவில்லை. அவ்வளவுதான் அவள் கதை. மருத்துவம் என்றால் எங்களுக்கு அந்தக் கட்டைதான் அப்போது. இவனுக்கு அது வரக்கூடாது என்றுதான் பஸ், தர்கா, டவுன், வண்டி என்று ஓடினேன். கடைசியில் நானே ஒரு கட்டையைப் பூட்டிவிட்டேன்.

கயிற்றை அவிழ்க்கப் போனேன். என்னைப் பார்த்ததும் அவன் கத்தின கத்தல் — மாடு மிரண்டு வண்டியே அசைந்தது. மணிக்கட்டில் ரத்தம். "தாத்தாவ வெளிய போகச் சொல்லு, வெளிய போகச் சொல்லு" என்று கல்பனாவைப் பார்த்துக் கெஞ்சினான். நான் மாமா இல்லை, யாரோ ஒரு தாத்தா. ரோட்டு வரைக்கும் வந்து நின்றேன். கத்தல் நின்றுவிட்டது.

2 நவம்பர்

அருணாவிடம் போனில் எல்லாம் சொன்னேன். முழுசும் கேட்டுக்கொண்டாள். அப்புறம், "தாத்தா, கஷ்டமாத்தான் இருக்கும். அவரு பயமே இப்ப உன் மேலதான். நீ கண்ணுல படாம இருந்தாத்தான் மருந்து உள்ள போகும்."

"எத்தினி நாளைக்கு?"

"தெரியல தாத்தா."

"அந்தப் பயம் போயிடுமா?"

"சில பேருக்குப் போவும். சில பேருக்கு அப்படியே தங்கிடும்."

பொய் சொல்லியிருக்கலாம் அவள். சொல்லவில்லை. நல்ல பெண்.

5 நவம்பர்

கல்பனாவுக்குப் போன் போட்டுச் சொல்லிக் கொடுத்தேன். அவன் தின்றால் அவள் சோற்றைத்தான் தின்கிறானாம். அதனால் இனிமேல் அவள் கைதான்.

நின்றுகொண்டு கொடுக்காதே, உட்கார்ந்து கொடு. மேலே நிழல் விழுந்தால் மிரளுவான். மாத்திரையை மறைத்து வைக்காதே, உள்ளங்கையில் வெளிச்சத்தில் காட்டு. முதல் மடக்கு நீ குடி. அவன் விழுங்கும்போது வாயைப் பார்க்காதே, வேறு எங்காவது பார்த்துக்கொண்டு எதையாவது பேசு. கோழியைப் பற்றிப் பேசு. அவனுக்குக் கோழி பிடிக்கும்.

"நீங்க சொல்லிக் குடுத்தீங்கன்னு சொல்லட்டுமாப்பா?"

"சொல்லிடாத. என் பேரு வந்தா துப்பிடுவான்."

போனை வைத்த பிறகு, இனி எனக்கு அவனைப் பற்றித் தெரிந்தது ஒன்றும் பாக்கி இல்லை என்று தோன்றியது. எல்லாத்தையும் அள்ளிக் கொடுத்தாச்சு.

14 நவம்பர்

வண்டி நாள். நான் போகவில்லை. கொல்லையில் நின்றுகொண்டே இருந்தேன். சாமை கதிர் முற்றித் தலை சாய்ந்திருக்கிறது. குருவி வந்து தின்றது, விரட்டவில்லை.

உச்சி தாண்டி அருணா கூப்பிட்டாள். கல்பனாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஊசி போட்டுக்கொண்டானாம். போட்டுக்கொண்டான்! கொல்லை நடுவில் உட்கார்ந்து அழுதேன். ராணி ஓடி வந்தாள், "இன்னா ஆச்சு, இன்னா ஆச்சு" என்று. ஊசி போட்டாச்சு என்றேன். "அதுக்கு ஏன்யா ஒப்பாரி" என்றவள் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். ரொம்ப நாளைக்கு அப்புறம் என் தோளில் கை வைத்தாள்.

3 டிசம்பர்

அறுப்பு. கூலிக்கு ஆள் வைத்தேன். அவர்கள் அறுப்பது அறுப்பாகவே இல்லை.

12 டிசம்பர்

கோவிந்தன் பேசினான். கட்டுவது இல்லையாம். மாட்டுக்குத் தண்ணி காட்டுகிறானாம். "உங்களைப் பத்தி ஒண்ணும் கேக்கறதில்ல மாமா. நாங்களும் எடுக்கறதில்ல." நல்லது என்றேன். நல்லதுதானே?

9 ஜனவரி 2025

ஊசி போட்டாச்சு. அருணா சொன்னாள்.

26 ஜனவரி

செந்தாமரைக்குப் புதுச் சம்மந்தம் கூடி வந்திருக்கிறது. அவளோடு கம்பெனியில் வேலை செய்கிற பையன், நம்ம சனம்தான், பெண்டாட்டி செத்துப்போனவன். அவள் கையைப் பிடித்துத் தழும்பைத் தடவிப் பார்த்தானாம், ஒன்றும் கேட்கவில்லையாம். அதைச் சொல்லும்போது அவள் முகம் கல்யாணம் ஆவதற்கு முந்தி இருந்த முகம். சந்தோஷமாக இருக்கிறது. நிஜமாகவே சந்தோஷம். ஒரு மனுஷனுக்குள் இரண்டு மனசு இருந்தால் அதற்கும் ஊசி இருக்கிறதா, டாக்டரைக் கேட்க வேண்டும்.

கேட்க எங்கே போவது. வண்டிப் பக்கம்தான் நான் போகக்கூடாதே.

அருணா இதை இப்போது படிப்பதில்லை. அவனைப் பற்றிக் கல்பனாதான் நேரில் சொல்கிறாளே. ஆனாலும் மைக்கை அமுக்கிவிடுகிறேன்.

13 பிப்ரவரி

கல்யாணச் செலவுக்குச் சாமை விற்க ஜமுனாமரத்தூர் போக வேண்டி வந்தது. வண்டி நாள் என்று தெரியும். அதனால் விடியக் கிளம்பிப் போனேன், வண்டி வருவதற்குள் விற்றுவிட்டுத் திரும்பிவிடலாம் என்று. தாஹிராம்மா மளிகைக் கடையில்தான் போடுவேன். மூட்டையை அவிழ்த்து, புடைத்துப் பார்த்து, கல் கிடக்கிறது மண் கிடக்கிறது என்று அவள் வாய்ச்சண்டை போடுவதற்குள் வெயில் ஏறிவிட்டது.

காசை முடிந்துகொண்டிருக்கும்போது கல்பனா குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தேன், ரோட்டைத் தாண்டி வருகிறார்கள். அவளும் அவனும். வெளியே போக வேறு வழி இல்லை. மூட்டைகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டேன். முழங்காலைக் கட்டிக்கொண்டு, திருட்டுப் பூனை மாதிரி. தாஹிராம்மா "இன்னா பெரியவரே" என்று ஆரம்பித்தாள். கையெடுத்துக் கும்பிட்டேன். வாயை மூடிக்கொண்டாள்.

மூட்டை இடுக்கில் அவன் தெரிந்தான். சதை பிடித்திருக்கிறது. நீலச் சட்டை, பொத்தான் எல்லாம் சரியாகப் போட்டிருந்தான். உதடு அசையவில்லை.

"ஒரு சீப்பு குடுங்க" என்றான். "பாக்கெட்டுல வெக்கிற மாதிரி."

தாஹிராம்மா நாலைந்து சீப்பை எடுத்துப் போட்டாள். ஒவ்வொன்றாக எடுத்துத் தலையில் வாரிப் பார்த்தான். கல்பனா, "போதும்யா மாப்பிள்ள, பொண்ணு பாக்கவா போறோம்" என்றாள். அவன் சிரித்தான். கறுப்புச் சீப்பு ஒன்றை எடுத்துக்கொண்டான்.

"எந்த ஊருப்பா நீங்க?" தாஹிராம்மாவுக்கு யாரையும் கேட்காமல் இருக்க முடியாது.

"கீழ, படவேட்டுப் பக்கம்."

"மேல ஒறவு இருக்காங்களா?"

அவன் சீப்பைப் பையில் வைத்தான். "இல்ல" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. பயந்தும் சொல்லவில்லை. சர்க்கரை இருக்கா என்று கேட்டால் இல்லை என்பது மாதிரி சொன்னான்.

சாமைத் தூசி மூக்கில் ஏறித் தும்மல் வந்துவிட்டது. துண்டை வாயில் திணித்துக்கொண்டேன். அப்போதுதான் கல்பனா என் காலைப் பார்த்துவிட்டாள். தும்மலை அடக்கினதில் அது மூட்டைக்கு வெளியே நீண்டுவிட்டிருந்தது. ஒன்றும் சொல்லாமல் நகர்ந்து, அவனுக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றாள். "வா வா, டாக்டரு போயிடுவாரு" என்று அவன் கையைப் பிடித்தாள். கூடவே போனான்.

வண்டி போகிற வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். தாஹிராம்மா டீ வாங்கிக் கொடுத்தாள். யார் அது என்று கேட்கவில்லை. அப்புறம் பஸ் வந்தது. அவர்கள் இரண்டு பேரும் ஏறினார்கள். எனக்கும் அதுதான் பஸ், எங்கள் ஊரைத் தாண்டித்தான் கீழே இறங்கும். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தான்.

நடந்து வீடு வந்து சேரும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். ராணி வாசலிலேயே நின்றிருந்தாள்.

"ஏன்யா இவ்ளோ நேரம், பஸ்ஸு வரலியா?"

"வந்துது" என்றேன்.